இன்னும் சங்கு ஊதலையா

அந்த அக்காவுக்கு எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. குழம்பில் உப்புக் கூடிவிட்டால் பின்சந்து முழுவதற்கும் தெரிந்துவிடும். கணவரோடு சண்டை என்றால், மறுநாள் துணி காயப்போடும்போது மதிலுக்கு மேலே தலையை நீட்டி, முழு வழக்கையும் எங்களிடம் சொல்லித் தீர்ப்பும் கேட்பார். ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், பஞ்சைக் கடித்தபடியே அந்தக் கதையையும் சொன்னார். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. டாக்டர் எந்தப் பக்கமாக இழுத்தார், இவர் எப்படிக் கத்தினார் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. "வலிக்கும், பேசாம போய்ப் படும்மா" என்றாள் அம்மா. அவர் பஞ்சை எடுத்துவிட்டு, "சொல்லணும் இல்லியா?" என்றார்.

அதுதான் அவருடைய சொல். நல்லதோ கெட்டதோ, நடந்தது ஒன்று என்றால் அதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாத சந்தோஷம் அவருக்குச் செரிக்காது.

எங்கள் தெருவோ சொல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரத் தெரு. அரியலூரில் ரயிலடிப் பக்கம் இருக்கிறது. ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வந்துபோனதை மல்லிகைப்பூ வாசனையை வைத்தும், ஒருவருக்கு ஆபரேஷன் நடந்ததை வாசலில் வந்து நின்ற காரை வைத்தும் நாங்களாகவே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகித்ததையும் கேட்டுவிட மாட்டோம். அது எங்கள் ஊர் மரியாதை. அப்படிப்பட்ட தெருவுக்குப் பின்னால், எங்கள் கொல்லை மதிலை ஒட்டிய வீட்டுக்குத்தான் இந்த அக்கா குடிவந்தார். கணவருக்கு சிமெண்ட் பேக்டரியில் இன்ஜினியர் வேலை. கல்கத்தா பக்கத்து ஆட்கள். தெரு அவருக்கு முதல் நாளே 'இந்திக்காரம்மா' என்று பெயர் வைத்துவிட்டது. அவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்து, "இந்தி இல்ல, பெங்காலி" என்று திருத்துவார். காய்கறி வண்டிக்காரர் கடைசி வரைக்கும் திருந்தவில்லை.

தமிழை அவர் இதற்கு முன்பிருந்த ஊரில் வீட்டு வேலைக்கு வந்த ஒரு அம்மாவிடம் கற்றுக்கொண்டிருந்தார். பயமில்லாத தமிழ். 'வாங்க' என்பது அவர் வாயில் 'பாங்க' ஆகிவிடும், வீடு 'பீடு' ஆகிவிடும். ஆண்பால் பெண்பால் வித்தியாசமெல்லாம் அவரிடம் கிடையாது. "மாசிமா, அப்பா சாப்பிட்டாளா?" என்று அம்மாவைக் கேட்பார். மாசிமா என்றால் அவர்கள் ஊரில் சித்தி முறையாம். "மாசி மாசத்தக் கூப்புடுற மாதிரி கூப்புடுது" என்று அம்மா முதலில் சிரித்தாள். பிறகு அப்படிக் கூப்பிடாத நாள் அவளுக்கு என்னவோ போல இருந்தது.

அவர்கள் குடிவந்த அன்று சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்தில் பின்வீட்டிலிருந்து சங்குச் சத்தம் கேட்டது. நீளமாக, நடுவில் மூச்சு வாங்கி, மூன்று முறை. எங்கள் பக்கத்தில் கோயிலுக்குள் சங்கு ஊதினால் பூசை நடக்கிறது என்று பொருள். பேக்டரியில் ஷிப்டு மாறும்போது அலறுகிறதே, அந்த சைரனையும் சங்கு என்றுதான் சொல்வோம். ஆனால் ஒரு வீட்டிலிருந்து சங்குச் சத்தம் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். அந்த வீட்டில் சாவு.

அம்மா அடுப்பை அணைத்தாள். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டை மேலே போட்டுக்கொண்டார். "சாமானக்கூட இன்னும் பிரிச்சிருக்க மாட்டாங்க. பாவம்" என்றாள் அம்மா. நாங்கள் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போனபோது பாதித் தெரு அங்கே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. கதவு திறந்தது. சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவையும் கையில் சங்கும் முகம் கொள்ளாத சிரிப்புமாக அக்கா நின்றார்.

முனைவீட்டு டெய்லர்தான் துணிந்து கேட்டார். "யாரும்மா?"

"நான்தான்."

டெய்லர் திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு இன்னும் தணிந்த குரலில், "எப்பம்மா ஆச்சு?" என்றார்.

"இப்பதான்."

எல்லோரும் புதிதாக வந்தவர்களைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அக்கா நினைத்துவிட்டார். உள்ளே போய் ஒரு தட்டு நிறைய வெள்ளை வெள்ளையாகச் சீனி மிட்டாய் கொண்டுவந்து ஒவ்வொருவர் கையிலும் அள்ளி வைத்தார். அவர்கள் ஊரில் தினமும் விளக்கேற்றியதும் வீட்டுப் பெண் சங்கு ஊதுவாளாம். ஏன் என்று கேட்டதற்கு, "பீட்ல விளக்கு எரியுது, எல்லாரும் நல்லா இருக்கோம். சொல்லணும் இல்லியா?" என்றார். துக்கம் விசாரிக்கப் போன நாங்கள் வாயில் இனிப்போடு திரும்பி வந்தோம்.

வரும் வழியில் அம்மா எல்லோரையும் நிறுத்தினாள். "யாரும் அந்தப் பொண்ணுகிட்ட எதையும் சொல்லிக்க வேணாம். குடிவந்த அன்னிக்கே சாவுப் பேச்சு எதுக்கு? அப்பறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றாள். தெருவுக்கு இதைவிடப் பிடித்தமான யோசனை இருக்க முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த 'அப்பறம்' வரவே இல்லை. போகப் போக தெருவுக்கும் பழகிவிட்டது. அக்காவின் சங்கு கேட்டதும் டெய்லர் கடையில் லைட்டைப் போடுவார்.

யாரும் சொல்லாததால் அக்கா தானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். ஒருநாள் காலையில் பால்காரர், "சங்கு ஊதிட்டாங்களே, சார் இன்னும் கெளம்பலயா?" என்று பேக்டரி சைரனைச் சொல்லப்போக, அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு மதிலுக்கு மேலே தலை வந்தது. "மாசிமா, உங்க ஊர் ரொம்ப நல்ல ஊர். வேலைக்குப் போறதுக்குக்கூட சங்கு ஊதி அனுப்புறாங்க." அம்மா என்னைப் பார்த்தாள். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

அந்தச் சங்கை எங்களுக்குக் காட்ட ஒருநாள் எடுத்துவந்தார். கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்ததாம். கைக்கு அடக்கமாக, பாலாடைக்கட்டி நிறத்தில், வாய்ப்பக்கம் மட்டும் லேசாக ரோஸ் ஓடியிருந்தது. "இது உங்க கடல்ல பொறந்தது. ராமேஸ்வரம்" என்று தன் கையை நீட்டி, வெள்ளை வளையல்களையும் காட்டினார். அவையும் சங்கை அறுத்துச் செய்தவை. எங்கள் கடலில் முக்குளித்து எடுத்த சங்கு கல்கத்தாவுக்குப் போய் வளையலாகி, இவர் கையில் ஏறி அரியலூருக்கு வந்திருந்தது.

நான் காலேஜில் விலங்கியல் படித்தவள். படித்தது மறப்பதற்குள் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. சங்கு என்பது ஒரு கடல் நத்தையின் ஓடு, கடலடி மணலில் புழுவைத் தேடித் தின்றுகொண்டு மெல்ல ஊர்ந்து போகும், உயிரோடு இருக்கும்போது மேலே பழுப்பாக ஒரு தோல் மூடியிருக்கும், அதைச் சுரண்டித்தான் இப்படி வெள்ளையாக்குகிறார்கள் என்று விளக்கினேன். அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"நத்தையா? வயல்ல கெடக்குமே, அது மாதிரியா? அதையா இந்தப் பொண்ணு வாயில வச்சி ஊதுது?"

"நத்தை போயாச்சு மாசிமா" என்றார் அக்கா சமாதானமாக. "பீடு மட்டும் இருக்கு."

அப்போது அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மெஷின் ஓட்டி ரிட்டையர் ஆனவர். உள்ளே போய் ஜன்னல் மேலிருந்து ஒரு கல்லை எடுத்துவந்தார். சுரங்கத்தில் கிடைத்தது. முறுக்கு முறுக்காக, நத்தை வடிவத்தில், முழுக்கக் கல்லாகிப் போனது. எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்ததாம். அது எங்களுக்குப் பெரிய விஷயமில்லை. கிணறு வெட்டினால் கிளிஞ்சல் வரும் ஊர். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அந்தக் கல்லைத்தான் முட்டுக்கொடுப்போம். அக்கா அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, "இதுவும் சங்குதான்" என்றார். நாங்கள் தடுப்பதற்குள் வாயில் வைத்து ஊதியே விட்டார். கன்னம் இரண்டும் உப்பி முகம் சிவந்ததுதான் மிச்சம். உள்ளேயும் கல்தானே, காற்று எங்கே போகும்? உதட்டில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. அப்பா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்கா கல்லைத் துடைத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, "பாவம், வாய் அடைச்சிருக்கு" என்றார்.

இப்போது அவர்கள் அங்கே இல்லை. கணவருக்கு வடக்கே எங்கேயோ மாற்றலாகிப் போனார்கள். நானும் கல்யாணமாகிப் பெரம்பலூருக்கு வந்துவிட்டேன். அக்கா இன்றும் போன் செய்வார், போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்தக் குரல் நினைவுக்கு வருவதில்லை. ஒரே ஒருமுறை அவர் மெதுவாகப் பேசியதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்பாவுக்கு வாதம் வந்தது ஒரு கோடைகாலத்தில். வலப்பக்கம் முழுவதும் இழுத்துக்கொண்டது. பேச்சு குழறிப்போய், நாலைந்து வார்த்தைகளைத் தவிர மற்றவை எங்களுக்குப் புரியவில்லை. பார்க்க வந்தவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கமிருந்து சங்கு ஊதும். வந்தவர்கள் பதறி எழுந்துவிடுவார்கள். மீன்சுருட்டியிலிருந்து வந்திருந்த பெரியப்பாவுக்குக் கோபம் தாங்கவில்லை. "கெடையில கெடக்குறவன் காதுல தெனமும் சங்கு ஊதுறாளே. மொதல்ல போயி நிறுத்தச் சொல்லு" என்று அம்மாவிடம் சத்தம் போட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை என்றுதான் எனக்கும் பட்டது.

அம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சொல்லப் போனாள். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். கையில் ஒரு கிண்ணம் பூசணிக்காய்க் கூட்டு.

"சொன்னியாம்மா?"

"எங்க சொல்றது? நான் போறப்ப வெளக்குக்கு முன்னாடி ஒக்காந்திருந்துச்சு. அப்பாவுக்காகத்தான் மாசிமா இப்பெல்லாம் நல்லா இழுத்து ஊதுறேன், கேக்குதான்னு கேட்டுச்சு. நல்லா கேக்குதும்மான்னுட்டு வந்துட்டேன்."

அப்பாவுக்கு உண்மையிலேயே கேட்டது. கட்டிலில் கிடப்பவருக்குக் காலை எது, மாலை எது? மருந்து, கஞ்சி, படுக்கை மாற்றுவது என்று எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடந்த பொழுதில், அந்தச் சங்கு ஒன்றுதான் அவருக்கு நேரம் சொன்னது. அது ஊதியதும் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார். நான் விளக்கேற்றியதும், கஞ்சியை மறுக்காமல் குடித்துவிட்டுத் தூங்குவார். ஊதச் சற்றுத் தாமதமானால் இடது கையால் கட்டிலைத் தட்டுவார். அந்த நாலைந்து வார்த்தைகளில் 'சங்கு'ம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

அந்த வருஷம் துர்கா பூசைக்காக அக்கா பிறந்த ஊருக்குப் புறப்பட்டார். ஒரு மாதம் ஆகும் என்றார். பூலாம்பாடியிலிருந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த சமயம் அது. எங்கள் தெரு வழக்கப்படி நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா மட்டும் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். "நான் வரதுக்குள்ள கல்யாணம் வச்சிடாதீங்க மாசிமா" என்று சந்து முனை வரைக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கு மாலையே அப்பா கேட்டார். குழறலாக, ஆனால் தெளிவாக. "இன்னும் சங்கு ஊதலையா?"

"அந்தப் பொண்ணு ஊருக்குப் போயிருக்குங்க. வந்துடும்" என்றாள் அம்மா.

மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். நான் செல்போனில் சங்கு ஊதும் வீடியோ ஒன்றைத் தேடியெடுத்துக் காதருகே வைத்தேன். அப்பா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கஞ்சி குடிப்பதும் குறைந்தது. பெரியப்பா மறுபடி பார்க்க வந்திருந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா அதையே கேட்டார். "இன்னும் சங்கு ஊதலையா?"

பெரியப்பா உடைந்துபோனார். யாரிடமும் கண் கலங்காத மனுஷன் வாசலுக்கு ஓடி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "எப்பப் போறதுன்னு தம்பி அவனே கேக்குறானே" என்றார். அவர் நினைப்பது போல இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்று தெரியவில்லை.

"அக்காவுக்குப் போன் போடட்டுமாம்மா? போன்லயே ஊதச் சொல்லலாம்" என்றேன்.

"வேணாம். நாளும் கெழமையுமா பொறந்த வூட்டுக்குப் போயிருக்கு. அங்க போயி நம்ம கவலையச் சொல்றதா? சொன்னா ஒடனே ரயிலேறிடும் அது" என்றாள் அம்மா. சொல்லவில்லை.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு விடியலில் அப்பா போய்விட்டார். முந்தின நாளும் கேட்டுவிட்டுத்தான் போனார். வாசலில் பந்தல் போட்டார்கள், ஐஸ் பெட்டி வந்தது. பெரியப்பா ஏற்பாடு செய்திருந்த மேளக்காரர்கள் மதியத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆண்கள் பரபரத்தார்கள். வேட்டு வெடித்தது. மேளம் ஒரு சுற்று முடிந்ததும், சங்கு ஊதுகிறவர் பந்தல் காலோரம் நின்று சங்கை எடுத்து ஊதினார்.

அவர் ஊதி முடித்த மறு நொடி, பின்பக்கமிருந்து இன்னொரு சங்கு பதில் சொன்னது. நீளமாக, மூச்சு வாங்கி, மூன்று முறை.

சங்கு ஊதுகிறவர் திகைத்துப்போய், "வேற ஆளும் சொல்லியிருக்கீங்களா?" என்று பெரியப்பாவைக் கேட்டார். அதற்குள் குலவைச் சத்தம் கேட்டது. நாக்கைச் சுழற்றி, கல்யாண வீட்டில் போடுவது போன்ற குலவை. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அக்கா வந்துவிட்டார். அழைத்துவர முதல் நாளே திருச்சி போயிருந்த கணவரோடு, காரில் நேராகப் பின்சந்தில் வந்து இறங்கியிருக்கிறார். மேளம், வேட்டு, சங்கு. அவர்கள் ஊரில் இதெல்லாம் எதற்கென்று எனக்குத் தெரியும்.

"எவ அவ? சாவு வூட்ல கொலவ போடுறது?" என்று பெரியப்பா எழுந்தார்.

கொல்லைக் கதவு திறந்தது. ரயில் பயணத்தில் கசங்கிய புடவையோடு அக்கா உள்ளே வந்தார். ஒரு கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த இனிப்புத் தட்டு, இன்னொரு கையில் சங்கு. "மாசிமா! கல்யாணமா? சொல்லவே இல்லியே!" என்று அடுப்படியைக் கடந்து கூடத்துக்கு வந்தவர், தலைவிரி கோலமாக நின்ற என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார்.

தட்டு சரிந்தது. நான் பிடித்துக்கொண்டேன். பெரியப்பா கையை ஓங்காத குறையாக முன்னே வந்தார். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து குறுக்கே வந்து நின்றாள்.

"விடுங்க மாமா. நான் பேசிக்கிறேன்" என்றவள், அக்காவின் பக்கம் திரும்பி, "ஊதும்மா" என்றாள்.

அக்கா சங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "எங்க ஊர்ல இதுக்கு ஊதாது மாசிமா. நல்லதுக்குத்தான்."

"எங்க ஊர்ல இதுக்குத்தாம்மா ஊதுவாங்க."

அக்கா அம்மாவைப் பார்த்தார். பந்தலில் நின்ற டெய்லரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடிவந்த அன்று சாயங்காலம் நாங்கள் எல்லோரும் எதற்காக வந்து நின்றோம் என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். முகம் அப்படியே வெளுத்துப்போனது.

"ஏன் சொல்லல?" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு மெதுவாக.

"சொன்னா நிறுத்திடுவியே" என்றாள் அம்மா. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். "நீ போனதுலேருந்து தெனமும் கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா, இன்னும் ஊதலையான்னு. நான்தான் ஒனக்குச் சொல்லல. நீ எப்பவும் ஊதுற மாதிரியே ஊது."

பெரியப்பா அம்மாவையே பார்த்தபடி நின்றார். தம்பி கேட்டது என்னவென்று அவருக்கும் இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அப்படியே மணையில் உட்கார்ந்துவிட்டார். சங்கு ஊதுகிறவர் தன் சங்கைத் துண்டில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

அக்கா சங்கை வாயில் வைத்தார். முதல் தடவை காற்றுதான் வந்தது. உதட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். இந்தத் தடவை வந்தது. தெரு முழுக்க நிறைந்து, ரயிலடி வரைக்கும் போயிருக்கும். மூச்சு வாங்கி இரண்டாவது, மூச்சு வாங்கி மூன்றாவது.

அம்மா பெட்டியின் கண்ணாடி மேல் குனிந்தாள்.

"ஊதியாச்சுங்க" என்றாள்.